மால்வேரை நீக்கிய பிறகு இணையம் வரவில்லை: எங்கே அறுந்தது, எப்படி மீட்பது

கேள்வி இது: "ஆன்டிவைரஸ் ஓட்டி ஏதோ ஒரு ட்ரோஜனை நீக்கினேன். அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த நெட், ரீஸ்டார்ட் செய்ததும் நின்றுவிட்டது. 2012-இல் டிஎன்எஸ் சேஞ்சர் என்ற மால்வேரால் லட்சக்கணக்கானவர்களுக்கு இணையம் துண்டிக்கப்படும் என்று செய்தி வந்ததே, இதுவும் அந்த வகைதானா? விண்டோஸை மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழி உண்டா?"

அதே வகைதான். வழியும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் மறுபடி நிறுவவே வேண்டியதில்லை.

மால்வேர் எழுதுகிறவனுக்கு உங்கள் இணைப்பு உயிரோடு இருந்தால்தான் காசு. விளம்பரத்தை மாற்றிக் காட்டவும், கடவுச்சொல்லைத் திருடி அனுப்பவும், ஸ்பேம் மெயில் தள்ளவும் நெட் வேண்டும். அதனால் அது இணைப்பை வெட்டுவதில்லை. இணைப்பின் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரி, ப்ராக்ஸி (நடுவில் நின்று போக்குவரத்தைக் கைமாற்றும் இடைத்தரகு நிரல்), விண்டோஸின் நெட்வொர்க் டிரைவர், வீட்டு ரவுட்டர் என்று ஏதாவது ஓர் இடத்தில் தன்னை நுழைத்து, போக்குவரத்தைத் தன் வழியாக ஓட விடும். ஆன்டிவைரஸ் வந்து அந்த ஃபைலை மட்டும் அழித்துவிட்டு, செட்டிங்கைப் பழையபடி விட்டுவிட்டால், கணினி இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு நிற்கும். எல்லாம் வேலை செய்த நாட்களில்தான் தொற்று இருந்தது. நெட் போனது தொற்று அகன்றதன் பின்விளைவு.

டிஎன்எஸ் சேஞ்சர் விவகாரத்தில் நடந்தது இதுவேதான், உலக அளவில். எஸ்டோனியாவின் ரோவ் டிஜிட்டல் என்ற நிறுவனத்தை நடத்திய கும்பல் 2007 முதல் இந்த மால்வேரைப் பரப்பியது. வீடியோ பார்க்க கோடெக் என்ற துணை மென்பொருள் வேண்டும் என்று சொல்லி ஏமாற்றி நிறுவ வைப்பது அவர்களின் விருப்பமான உத்தி. விண்டோஸ், மேக் இரண்டையும் அது தொட்டது. உள்ளே வந்ததும் டிஎன்எஸ் சர்வர் முகவரியைக் கும்பலின் சர்வருக்கு மாற்றிவிடும். ஐட்யூன்ஸ் தளத்துக்கான இணைப்பைச் சொடுக்கினால் சம்பந்தமில்லாத ஒரு மென்பொருள் விற்பனைத் தளம் திறக்கும். பெரிய தளங்களில் உள்ள விளம்பரங்களின் இடத்தில் கும்பலின் விளம்பரங்கள் வரும். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் சிக்கின, குறைந்தது 1.4 கோடி டாலர் சம்பாதித்தார்கள் என்றது குற்றப்பத்திரிகை.

2011 நவம்பரில் எஃப்பிஐ 'கோஸ்ட் கிளிக்' என்ற நடவடிக்கையில் எஸ்டோனியாவில் ஆறு பேரைக் கைது செய்யவைத்தது. சர்வர்களைக் கைப்பற்றியதும் அணைத்திருந்தால், அன்றிரவே லட்சக்கணக்கான கணினிகளில் எந்தத் தளமும் திறந்திருக்காது. அதனால் நியூயார்க் நீதிமன்றத்தின் ஆணைப்படி, இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்டியம் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதே முகவரிகளில் நேர்மையான டிஎன்எஸ் சர்வர்களை ஓட்டியது. முதல் கெடு 2012 மார்ச் 8. அதற்குள் போதிய அளவு சுத்தமாகாததால் ஜூலை 9 வரை நீட்டித்தார்கள். அணைத்த நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் இன்னும் அந்தச் சர்வர்களையே கேட்டுக்கொண்டிருந்தன. ஆனாலும் பெரிய கூச்சல் எழவில்லை. காரணம், பல இணைய நிறுவனங்கள் அந்தப் பழைய முகவரிகளுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் சர்வருக்கே திருப்பிவிட்டிருந்தன. நல்ல எண்ணம்தான், ஆனால் தன் கணினியில் ட்ரோஜன் இருப்பதே தெரியாமல் அந்த வாடிக்கையாளர்கள் மேலும் சில காலம் ஓட்டினார்கள்.

அந்தக் கும்பலின் ஐபி வரம்புகள் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தன: 85.255.112.0 முதல் 85.255.127.255 வரை, 64.28.176.0 முதல் 64.28.191.255 வரை, இப்படி மொத்தம் ஆறு. இன்று அந்தப் பட்டியலை வைத்துத் தேடாதீர்கள். ஐபி வரம்புகள் மறுபடி வேறு ஆட்களுக்கு ஒதுக்கப்படுகிறவை. இன்றைய மால்வேர் வேறு எண்களை வைத்திருக்கும். "இந்த எண்ணை நான் வைத்தேனா, என் இணைய நிறுவனம் கொடுத்ததா?" இரண்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

இனி உங்கள் கணினிக்கு வருவோம். எதையும் மாற்றும் முன், எந்த அடுக்கில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து முதலில் ரவுட்டரின் முகவரியைப் பிங் கட்டளையால் அழைத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1). அடுத்து கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். ரவுட்டரே பதில் சொல்லவில்லை, உங்கள் ஐபி 169.254 என்று தொடங்குகிறது என்றால் கோளாறு விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கில். ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் ரவுட்டரோ இணைய நிறுவனமோ. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ். மூன்றும் சரி, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் அநேகமாக ப்ராக்ஸி. சில அலுவலக நெட்வொர்க்குகள் பிங்கையே தடுத்திருக்கும். அங்கே பிரவுசரில் எச்டிடிபிஎஸ் போட்டு 1.1.1.1 என்ற எண்ணைத் திறந்து பாருங்கள், பெயர் இல்லாமலே திறக்கும் பக்கம் அது.

டாஸ்க்பாரில் வரும் "இன்டர்நெட் இல்லை" என்ற குறியை மட்டும் நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் ஒரு குறிப்பிட்ட சோதனை முகவரியை எட்ட முடிகிறதா என்று பார்த்துத்தான் விண்டோஸ் அதைக் காட்டுகிறது. அந்த ஒரு முகவரி தடைபட்டாலும் குறி வரும், மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

டிஎன்எஸ் என்று முடிவானால், ஐபிகான்ஃபிக் கட்டளையுடன் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'ஆல்' சேர்த்து ஓட்டுங்கள். டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியில் ரவுட்டர் முகவரியோ, நீங்கள் அறிந்த எண்ணோ இருக்க வேண்டும். அதே பட்டியலில் டிஎச்சிபி சர்வர் என்ற வரியையும் பாருங்கள், கணினிகளுக்கு முகவரிகளை வழங்குவது அதுதான். பலர் இதைக் கவனிப்பதில்லை. அங்கே ரவுட்டரின் முகவரி இல்லாமல் வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள வேறொரு கணினியின் முகவரி இருந்தால், அது அலுவலகத்தின் முறையான சர்வரும் இல்லையென்றால், தொற்று அநேகமாக உங்களிடம் இல்லை, அந்தக் கணினியில் இருக்கிறது. டிஎன்எஸ் சேஞ்சர் வகையில் 2008-இன் இறுதியில் வந்த ஒரு வடிவம் இதைத்தான் செய்தது: தானே ஒரு டிஎச்சிபி சர்வர் போல நடித்து, அதே நெட்வொர்க்கில் உள்ள சுத்தமான கணினிகளுக்கும் கெட்ட டிஎன்எஸ் எண்ணை வழங்கியது. அப்படிப்பட்ட நேரத்தில் உங்கள் கணினியை எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் ஒன்றும் கிடைக்காது.

சரிசெய்ய: ரன் பெட்டியில் என்சிபிஏ டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நெட்வொர்க் அடாப்டர்கள் வரும். உங்கள் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4-ஐத் திறந்து, டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். ஐபிவி6-இலும் அதையே செய்யுங்கள். இதை மறந்துவிட்டு "மாற்றியும் வரவில்லை" என்பவர்கள் நிறைய. வைஃபை, கேபிள் இரண்டும் தனித்தனி அடாப்டர்கள், இரண்டிலும் பார்க்க வேண்டும். பிறகு ஐபிகான்ஃபிக் கட்டளையுடன் அதேபோல சாய்கோடு போட்டு ஃப்ளஷ்டிஎன்எஸ் சேர்த்து ஓட்டினால் பழைய பதில்கள் அழியும்.

பிரவுசர் திறக்கிறது, ஆனால் மெயில் செயலியும் விண்டோஸ் அப்டேட்டும் வேலை செய்யவில்லை என்ற விசித்திரமான நிலையும் உண்டு. பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் வசதி இயக்கத்தில் இருந்தால் அது கணினியின் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் தன் வழியில் போய்விடும். மற்ற செயலிகள் மட்டும் மாட்டிக்கொள்ளும்.

மேக்கில் நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் பட்டியலைப் பாருங்கள். மங்கலாகத் தெரியும் எண்கள் ரவுட்டர் கொடுத்தவை, அழுத்தமாகத் தெரிபவை கையால் சேர்த்தவை என்பது பொது விதி. 2007-இல் மேக்கைத் தாக்கிய டிஎன்எஸ் சேஞ்சர் வடிவம் இந்த விதியையும் ஏமாற்றியது: அதன் எண்கள் மங்கலாகவே தெரிந்தன, நீக்க முடியவில்லை. முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் கிரான் அட்டவணையில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் பட்டியல்) ஒரு வேலையைப் போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்த்து மறுபடி திணித்துக்கொண்டிருந்தது. எண் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அந்த அட்டவணையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் 9-ஆம் பதிப்பிலிருந்து தனியார் டிஎன்எஸ் என்ற செட்டிங் இருக்கிறது. அதில் செத்துப்போன ஒரு சர்வரின் பெயர் இருந்தால் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் எதுவும் திறக்காது.

எல்லாக் கணினியிலும் போனிலும் ஒரே கோளாறு என்றால் ரவுட்டரில்தான் கை வைக்க வேண்டும். அதன் பக்கத்தில் டிஎன்எஸ் இரண்டு இடங்களில் இருக்கும்: வேன் என்ற வெளி இணையப் பகுதியில் ரவுட்டர் தனக்கு வைத்துக்கொள்வது, லேன் (வீட்டு நெட்வொர்க்) அல்லது டிஎச்சிபி பகுதியில் கணினிகளுக்குக் கொடுப்பது. ஒன்றை மட்டும் சரிசெய்தால் பாதிதான் தீரும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் டிஎன்எஸ்ஸை மட்டும் திருத்துவது வீண். டிஎன்எஸ் சேஞ்சர் உட்பட இந்த ரக மால்வேர்களின் முக்கிய ஆயுதமே ரவுட்டர் தயாரிப்பாளர் வைத்த மாறாத கடவுச்சொல்தான்.

ப்ராக்ஸிக்கு வருவோம், விளம்பர மால்வேரை நீக்கிய பின் நெட் போவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. அந்த மால்வேர் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு சிறிய ப்ராக்ஸி நிரலை ஓட்டி, பிரவுசரின் ப்ராக்ஸியாக 127.0.0.1 என்ற எண்ணை ஏதாவது ஒரு போர்ட்டுடன் பதிந்துவிடும். 127.0.0.1 என்பது உங்கள் கணினியேதான். ஆன்டிவைரஸ் நிரலை அழிக்கும். பதிவு அப்படியே நிற்கும். பிரவுசர் கதவைத் தட்டும், திறக்க ஆள் இருக்காது, ப்ராக்ஸி சர்வருடன் இணைய முடியவில்லை என்ற பிழை வரும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியின் ப்ராக்ஸி பக்கத்துக்குப் போய், கையால் அமைக்கும் ப்ராக்ஸியையும் அமைப்பு ஸ்கிரிப்டையும் அணைத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் முகவரியை மட்டும் விட்டுவைத்தால் கோளாறு மறுபடி தலைதூக்கும். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனி ப்ராக்ஸி அமைப்பு உண்டு, அதையும் பாருங்கள்.

எல்லாத் தளமும் திறக்கிறது, ஆன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் ஃபைல், அதாவது டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கணினி பார்க்கும் பெயர்-முகவரிப் பட்டியல். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி ஃபோல்டர்களுக்குள் இருக்கிறது. நிர்வாகி அனுமதியுடன் நோட்பேடில் திறந்து, கடைசி வரி வரை உருட்டிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வெற்று வரிகளுக்குக் கீழே ஒளித்துவைப்பது பழைய தந்திரம். ஹோஸ்ட்ஸ் சுத்தமாக இருந்தும் அதே அறிகுறி என்றால் நினைவகத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது: 2008-இல் வந்த கான்ஃபிக்கர், ஃபைலைத் தொடாமலே டிஎன்எஸ் கேள்விகளை நினைவகத்தில் இடைமறித்துப் பாதுகாப்புத் தளங்களைத் தடுத்தது.

இனி கடினமான ரகம். ஐபி 169.254 என்று வருகிறது, டிஎன்எஸ், ப்ராக்ஸி எல்லாம் சரி. விண்டோஸில் எல்லா நெட்வொர்க் செயலியும் வின்சாக் என்ற அடுக்கு வழியாகத்தான் வெளியே போகும். அந்த அடுக்கில் சங்கிலிபோல வேறு நிரல்களையும் கோர்க்க முடியும்; சில மால்வேர்கள் தங்கள் டிஎல்எல்-ஐ (துணை நிரல் ஃபைல்) அதில் கோர்த்துக்கொண்டன. ஃபைலை அழித்தால் சங்கிலி நடுவில் அறுகிறது, எல்லாச் செயலிக்கும் ஒரே நொடியில் நெட் போகிறது. இதற்கு மருந்து எளிது: நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட், பிறகு ரீஸ்டார்ட். எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் இந்தக் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது; இதற்கென்று எந்தக் கருவியையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அது போதவில்லையென்றால் விண்டோஸ் 10, 11-இல் நெட்வொர்க் ரீசெட் பொத்தான் இருக்கிறது. சேமித்துவைத்த வைஃபை கடவுச்சொற்கள் அதில் போய்விடும், விபிஎன் மென்பொருளை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

ரீசெட்டுக்கும் மசியாதது, டிரைவரே போன நிலை. சீரோஆக்சஸ் என்ற ரூட்கிட் (விண்டோஸின் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும் மால்வேர்) இதற்குப் பேர்போனது. விண்டோஸின் சொந்த டிரைவர்களில் ஒன்றின் மேல் தன்னை எழுதிக்கொள்ளும். நெட்வொர்க்குக்கு அடிப்படையான ஏஎஃப்டி டிரைவர் மாட்டிக்கொண்டால் ஆன்டிவைரஸ் அதை "தொற்றுள்ள ஃபைல்" என்று அழிக்கும், கூடவே நெட்வொர்க்கும் போகும். கண்டுபிடிப்பது இப்படி: சர்வீசஸ் பட்டியலில் டிஎச்சிபி கிளையண்ட்டை இயக்கிப் பாருங்கள். பிழை 1068 வந்தால், அது சார்ந்திருக்கும் ஏதோ ஒன்று எழவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் எஸ்சி க்வெரி ஏஎஃப்டி என்று கேளுங்கள். நின்றிருக்கிறது என்று வந்தால் ஃபைல் சேதம். எஸ்எஃப்சி கட்டளையை, சாய்கோடு போட்டு ஸ்கேன்நவ் சேர்த்து ஓட்டினால் விண்டோஸ் தன் இருப்பிலிருந்து நல்ல ஃபைலை வைக்கும். பிழை 1060 வந்தால் ரெஜிஸ்ட்ரியில் அந்த சர்வீஸின் பதிவே இல்லை. ஃபைலைத் திருப்பித் தரும் எஸ்எஃப்சி, சர்வீஸ் பதிவைத் திருப்பித் தராது. அங்கே சிஸ்டம் ரீஸ்டோர், இல்லையென்றால் ஃபைல்களை அழிக்காமல் விண்டோஸை அதன் மேலேயே நிறுவும் பழுதுநீக்க முறை.

சி டிரைவை ஃபார்மட் செய்வதில் ஒரு பொறி உண்டு. டிஎன்எஸ் சேஞ்சரோடு சேர்ந்து திரிந்த டிடிஎல்4 போன்ற ரூட்கிட்கள் பழைய பயாஸ் கணினிகளில் டிஸ்க்கின் முதல் செக்டரான மாஸ்டர் பூட் ரெக்கார்டில் குடியிருந்தன. சி பகுதியை மட்டும் ஃபார்மட் செய்தால் அந்தச் செக்டர் அழியாது. அத்தகைய கணினியில் எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிட்டு, பூட் ரெக்கார்டையும் புதிதாக எழுதித்தான் நிறுவ வேண்டும்.

இணைப்பைக் கொல்வதையே வேலையாகக் கொண்ட மால்வேரும் இருக்கிறது, ஆனால் குறைவு. அதன் இலக்கு அநேகமாக ரவுட்டர்கள்தான். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு போனபோதுகூட, மிராய் வகை மால்வேர் நுழைய முயன்று தோற்ற முயற்சியில்தான் ரவுட்டர்கள் முடங்கின. மாறாக 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே இணைய நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் மூன்று நாட்களுக்குள் நிரந்தரமாகச் செத்தன. சலுபோ என்ற மால்வேர் வழியாக, ரவுட்டருக்குள் பதிந்திருக்கும் இயக்க மென்பொருளான ஃபர்ம்வேரை அழித்திருந்தார்கள், பெட்டியையே மாற்ற வேண்டியிருந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் மிராய் போன்றவை நினைவகத்திலிருந்து போய்விடும். கடவுச்சொல் மாறாதிருந்தால் சில நிமிடங்களில் திரும்பியும் வரும். 2018-இல் 5 லட்சம் சாதனங்களைப் பிடித்த விபிஎன்ஃபில்டரின் முதல் நிலை, அணைத்துப் போட்டாலும் போகவில்லை; ஃபேக்டரி ரீசெட்டும் புதிய ஃபர்ம்வேரும் தேவைப்பட்டன.

உங்கள் கணினி ஸ்பேம் அனுப்பிக்கொண்டிருந்தால் இணைய நிறுவனமே இணைப்பை நிறுத்தியிருக்கலாம். அப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் அவர்களின் அறிவிப்புப் பக்கம் வரும். சுத்தம் செய்துவிட்டு அவர்களிடம் சொன்னால்தான் திறப்பார்கள்.

கடைசியாக, செய்யும் வரிசை. அடுத்த முறை எந்த ஸ்கேனையும் ஓட்டும் முன், ஐபிகான்ஃபிக் காட்டும் முழுப் பட்டியலையும் ப்ராக்ஸி பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நெட் போனபின் எது மாறியது என்று ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது. ஆன்டிவைரஸ் எந்த ஃபைலை நீக்கியது என்று அதன் வரலாற்றுப் பக்கத்தில் பாருங்கள்: சிஸ்டம்32-இன் டிரைவர்ஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைல் என்றால் நேராக எஸ்எஃப்சிக்குப் போங்கள், டிஎன்எஸ்ஸில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கருவிகளை வேறொரு சுத்தமான கணினியில் இறக்கி யுஎஸ்பியில் கொண்டுவாருங்கள். டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் விண்டோஸ் 10, 11-இல் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிடம் ஓடும் என்பதால் ஒளிந்திருக்கும் ரூட்கிட்டையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள், வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

நெட் வந்ததும் வேலை முடியவில்லை. ரெஜிஸ்ட்ரியில் டிசிபிஐபி பாராமீட்டர்ஸின் கீழ் இன்டர்ஃபேசஸ் பகுதியில் ஒவ்வொரு அடாப்டருக்கும் நேம்சர்வர், டிஎச்சிபி நேம்சர்வர் என்று இரண்டு மதிப்புகள் இருக்கும். டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறும்படி வைத்திருந்தால் முதலாவது காலியாக இருக்க வேண்டும். இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, மறுநாளும் ஒருமுறை பாருங்கள். காலியாக விட்ட இடத்தில் எண் மறுபடி முளைத்திருந்தால், எழுதுகிறவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஆஃப்லைன் ஸ்கேனிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.